கடைசித் துண்டு

"ஒண்ணு காணாமப் போனா சரி. ரெண்டு எப்படிடீ போகும்?"

எதிர்வீட்டு அக்கா முட்டிவலியோடு என் சோபாவுக்கடியில் தவழ்ந்து தேடினாள். இந்தப் புது ஊரில் எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். ஆயிரம் துண்டுகளைச் சேர்க்கும் படப்புதிர் ஒன்றை, மூன்று மாதமாக மதியந்தோறும் இருவரும் உட்கார்ந்து அடுக்கினோம். இன்று முடிந்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு ஓட்டை.

அவள் முனகுவதைக் கேட்கக் கேட்க எனக்கு மனசு தாங்கவில்லை.

"எழுந்திருங்கக்கா. ஒண்ணு எங்கிட்டதான் இருக்கு." மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். "படம் முடிஞ்சிட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு ஒளிச்சு வச்சேன். நல்லாத் திட்டிடுங்க."

வாங்கிப் பொருத்தினாள். இன்னும் ஒரு ஓட்டை.

"சத்தியமா நான் ஒண்ணுதான்க்கா எடுத்தேன்!"

"தெரியும்டீ." தன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள் அக்கா. "இன்னொண்ணை நாளைக்குத் தேடலாம்."