நம்ம விமானமா, அவங்க விமானமா?

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது நம்ம விமானமா, அவங்க விமானமா?"

கேட்டவர் எழுபதை எட்டிய விமானி. அவருடைய கைத்தடியின் நுனி, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய நீர்வண்ணப் படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கழுத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார்.

"அவங்களோடது."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அருங்காட்சியக அதிகாரி கைக்கடிகாரத்தில் தேதியைப் பார்த்தார். படம் மாட்டியே பாதி ஆயுளைத் தீர்த்தவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஆணி' என்று பெயர். வெள்ளிக்கிழமை கண்காட்சி திறப்பு. போரின்போது விமானி வரைந்த பன்னிரண்டு விமானங்களில் பதினொன்று வந்துவிட்டன. சுவரின் நட்டநடுவில் ஓர் இடம் மட்டும், முன்பல் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தது. அங்கே படம் வராவிட்டால் ஆணியையே மாட்டிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாவது படம் இதுதான். விமானி கடைசியாக ஓட்டிய விமானம். தரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தினமும் காலையில் இதே கேள்வியைக் கேட்கிறார். மனைவி என்றைக்குச் சரியாகச் சொல்கிறாரோ அன்றைக்குக் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது ஏற்பாடு. ஆணி வருவது இது நாலாவது தடவை. அந்த அம்மாள் நாலு தடவையும் பெயில்.

பாவம், ஞாபகம் தப்பிவிட்டது என்று ஆணி முதல் நாளே முடிவு கட்டியிருந்தார். அவருடைய பெரியம்மாவும் கடைசிக் காலத்தில் அவரைப் பால்காரர் என்று நினைத்து, தண்ணீர் கலந்ததற்காகத் திட்டியவர்தான். ஆணியும் இனிமேல் கலக்கமாட்டேன் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்காகக் கட்டிய மனைவியை ஒரு மனுஷன் தினமும் பரீட்சையில் உட்காரவைப்பானா?

அதுவும் காதல் கல்யாணம். அலமாரி மேல் இருந்த கல்யாணப் படத்தில் விமானி ஊன்றுகோலோடு நின்றார், பக்கத்தில் அந்த அம்மாள் ஏதோ சீருடையில். நர்ஸாக இருந்திருப்பார், ஆஸ்பத்திரியில் பழக்கமாகியிருக்கும் என்று ஆணிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

விமானி மாத்திரை எடுக்க உள்ளே போனார். ஆணி சமையலறைக்குள் நழுவி, பிட் கொடுக்கிற வாத்தியார் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அது சார் ஓட்டினது. நம்மளோடதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க."

அந்த அம்மாள் அடுப்பைச் சிறியதாக்கினார். "உங்களுக்கு ரெண்டரை ஸ்பூன் சர்க்கரைதானே?" என்றார். போன மாதம் போகிறபோக்கில் சொன்னது. ஆணி குழம்பிப்போனார்.

மேலே ஏதோ இரைந்தது. அந்த அம்மாள் ஜன்னல் வழியாக ஒரே ஒரு பார்வை பார்த்தார். "ஆறாயிரம் அடி. இறங்கப் போறான்" என்று முணுமுணுத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் தேடினார். விமானிக்கு வாழ்க்கைப்பட்டால் இதெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்போல.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றார் அவர், டப்பாவைத் திறந்தபடி. "சரியாச் சொல்லிட்டா படம் போயிடும். அப்புறம் விடிஞ்சா அவர் என்கிட்ட என்னத்தைக் கேப்பார், சொல்லுங்க."

சரிம்மா, நான் சுவரில் தொங்கிக்கொள்கிறேன், காற்றோட்டமான இடம்தான் என்று சொல்லிவிட்டு ஆணி திரும்பினார். அந்த அம்மாள் சிரித்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

காபிக் கோப்பைகளோடும் சர்க்கரை டப்பாவோடும் கூடத்துக்கு வந்தவர், "ஏங்க, இன்னொரு தடவை கேளுங்க" என்றார்.

மாத்திரையோடு திரும்பி வந்து மேசையருகே உட்கார்ந்திருந்த விமானி சந்தேகமாகப் பார்த்தார். கேட்டார்.

"நம்மளோடது."

கைத்தடி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட விமானி குனியவில்லை. "நாப்பது வருஷம் ஆச்சா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே படத்தைக் கழற்றி ஆணியின் கையில் கொடுத்தார்.

மனுஷர் மனம் மாறுவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஆணிக்குப் பரபரத்தது. கைத்தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, படத்துக்குக் கீழே ஒட்டவேண்டிய குறிப்பை மட்டும் அவசரமாகப் படித்துக்காட்டினார்.

"எதிரிகளால் சுட்டு வீழ்த்தப்பட்டு, இரண்டு கால்களும் முறிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே வரைந்தவை. விமானங்களின் அடிவயிறு மட்டுமே தெரிவது அதனால்தான். சரிதானே சார்?"

"எதிரிகளால்ங்கிறதை அடிச்சிடுங்க, தம்பி."

"ஏன் சார்?"

"சுட்டது நம்ம பீரங்கி. நம்ம விமானம்னு அடையாளம் தெரியல. கீழ இருந்து பாத்தா எது நம்மளோடது, எது அவங்களோடதுன்னு பீரங்கிக்காரங்களுக்குப் பாடம் நடத்தத்தான் இத்தனையும் வரைஞ்சேன்."

ஆணிக்கு ரத்தம் கொதித்தது. நம் ஆளையே சுட்டு, இரண்டு காலையும் முறித்துப்போட்டிருக்கிறார்கள். "எந்தப் புண்ணியவான் சார் அது? பேர் தெரியுமா?"

விமானி கைத்தடியை மெதுவாகத் தூக்கி நீட்டினார்.

"புண்ணியவான் இல்ல தம்பி. அதோ, உங்களுக்குக் காபி கலக்கிக்கிட்டிருக்கா."