கும்பிட்ட கை

டாக்டரைக் கண்டதும் ஞானதிரவியம் போட்ட பெரிய கும்பிடில் முழங்கை இடித்து, மனைவி கிரேசின் சிறுநீர் டப்பா கவிழ்ந்தது. ரத்தத்தில் கிருமி பரவிக் கிடந்த கிரேசுக்குச் சிறுநீரகம் தேறுமா என்று அதைச் சோதித்துத்தான் சொல்வதாக இருந்தார்கள். காலையிலிருந்து இறங்கியதே அவ்வளவுதான்.

“இனி அடுத்தது வந்தாத்தான் உண்டு அண்ணாச்சி,” என்றாள் நர்ஸ்.

சிறுநீர் இறங்கும் குழாயில் ஒரு சொட்டு தொங்கியது, விழவில்லை. ஒரு சொட்டுக்கு இப்படித் தவம் கிடப்போம் என்று கல்யாணத்தில் யாரும் சொல்லவில்லையே என்று ஞானதிரவியம் விழித்தார்.

“சோதிச்சா மட்டும் உறுதியாத் தெரிஞ்சிருமா டாக்டர்?”

இதுவரை யாரிடம் கேட்டாலும் ‘பார்ப்போம்’தான் பதில். டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“தெரியாது அண்ணாச்சி. ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். என்னைக் கும்பிட்டது போதும். அந்தக் கையால அவங்க கையைப் பிடிச்சுக்கிடுங்க.”