சுற்றாடலுக்கு உகந்த விடுமுறை

"பெரஹர பார்க்கப் போறேல்லையோ? கண்டியில இருந்துகொண்டோ?"

கமலாசனிக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் 'ணங்'கென்று இறங்கியது.

கணவர் விவேகானந்தன் அசையவில்லை. பேராதனையில் தாவரவியல் படிப்பிக்கிற மனுஷன். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்கு அவர் போட்ட திட்டம் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. தலைப்பு: 'சுற்றாடலுக்கு உகந்த விடுமுறை.' வான் கிடையாது, பஸ்தான். பொலித்தீன் சொப்பிங் பை கிடையாது, பன்புல்லில் பின்னிய பை. சாப்பாடு வாழையிலையில். தலதா மாளிகைப் பெரஹர ஊர்வலம் நடக்கிற நாட்களில் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில், நண்பர் ராஜலிங்கம் வீட்டில் தங்கல்.

"அவ்வளவு சனம், அவ்வளவு குப்பை. சத்தமும் ஒரு மாசுதான், கமலா."

"இருபது வருஷமாக் கேக்காத சத்தம் இந்த வருஷம்தான் கேக்குதோ?"

அவருடைய தங்கச்சி இரஞ்சிதம் இராணுவத்திடம் பாஸ் எடுத்து, கப்பலேறி, ஏழு வருஷத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறாள். உலகமே வந்து பார்க்கிற பெரஹரவை விட்டுவிட்டு அவளுக்குத் தேயிலைச் செடி காட்டப் போகிறாராம்! கஞ்சத்தனம் என்றாலாவது பொறுக்கலாம். சிநேகிதி சகீனா, பெரஹர போகிற வீதியிலுள்ள தன் கடை மாடியில் மூன்று கதிரை சும்மா ஒதுக்கி வைத்திருக்கிறாள். இது வெறும் வறட்டுக் கொள்கை.

"நீ சொல்லு இரஞ்சிதம். உனக்குப் பெரஹர பார்க்க விருப்பமில்லையோ?"

இரஞ்சிதம் அண்ணனைப் பார்த்தாள். "உங்கட விருப்பம் மச்சாள்."

பாவம், வாயில்லாப்பூச்சி. இவளுக்காக நான்தான் பேச வேண்டும் என்று கமலாசனி முடிவெடுத்துவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் விவேகானந்தன் ஹேவாஹெட்ட பஸ்ஸில் இடம் பிடிக்க முன்னால் போனார். "ஐஞ்சரைக்கு வந்திடுங்கோ" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கமலாசனி சேலை கட்டவே ஒன்றரை மணித்தியாலம் எடுத்தாள்.

"அண்ணா பாத்துக்கொண்டு நிப்பார் மச்சாள்..."

"நிக்கட்டும். நாங்கள் சகீனாவின்ர மாடிக்குப் போறம். அவற்ற கொள்கையை அவரே கட்டிக்கொண்டு அழட்டும்."

அப்போதுதான் நகரத்திலிருந்து பெரஹர தொடங்குகிற பீரங்கி வெடி கேட்டது. கமலாசனிக்கு வருஷா வருஷம் கேட்டுப் பழகிய சத்தம்.

"கேட்டியோ, துவங்கி..."

அவள் முடிக்கவில்லை. இரஞ்சிதம் அவளை இழுத்து விழுத்தி, சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்தாள். இரண்டு கைகளாலும் கமலாசனியின் தலையைப் பொத்திப் பிடித்திருந்தாள். தன் தலையைப் பொத்த அவளுக்குக் கை மிச்சமில்லை.

"அசையாதேங்கோ மச்சாள்! அடுத்தது கிட்ட விழும்!"

வாசலில் மூச்சிரைக்க விவேகானந்தன். இவர்களைக் காணாமல், வீதியெல்லாம் மூடியிருந்ததில் ஓடியே வந்திருக்கிறார்.

"கோயில் வெடி, பிள்ளை. ஷெல் இல்லை, ஷெல் இல்லை" என்று தங்கச்சிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

கமலாசனியின் கோபம் இப்போது தன்மேலேயே திரும்பியது. தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"ஆரிட்டையும் சொல்லாதேங்கோ எண்டு அழுதவள். சிரிப்பினம் எண்டு வெக்கம்."

இரஞ்சிதம் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள்.

கமலாசனி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னாள்:

"நீங்கள் சொன்னது சரிதானப்பா. இந்தச் சத்தத்துக்கை மனுசர் இருக்கேலாது. ஹேவாஹெட்டவுக்குக் கடைசி பஸ் எத்தினை மணிக்கு?"