பின்சீட்டு பெல்ட்

விற்பனைக்கு நின்ற பழைய காரைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தாள் அவள். அவர் பானெட்டைத் திறந்தார், கதவு ஓரங்களைத் தடவினார், உதட்டைப் பிதுக்கினார்.

"அடிபட்ட வண்டிம்மா. பூசி மெழுகி உங்க தலையில கட்டப் பாக்குறாங்க. வேண்டாம்."

"பின்சீட்டு பெல்ட்டைக் கொஞ்சம் பாருங்கண்ணே."

வண்டியே வேண்டாம் என்றபின் பெல்ட் எதற்கு என்று தோன்றினாலும், அதை முழுக்க இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதை மாத்தல. நூல் இழுபட்டுத் தேய்ஞ்சிருக்கு. மோதினப்போ யாரோ இதைப் போட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்திருக்காங்க."

"நல்லாத் தெரியுமாண்ணே?"

"இருபது வருஷமா இதே வேலைம்மா. ஏன் கேக்குறீங்க?"

அவள் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க வண்டிதாண்ணே. விபத்துக்கப்புறம் வித்துட்டோம். அன்னிக்குப் பின்னாடி இருந்தது எம் பொண்ணு. பெல்ட் போட்டுவிட்டேன்னு அவ அப்பா எவ்வளவோ சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. 'நீங்கதான் அவளைக் கொன்னீங்க'ன்னு சொல்லி வீட்டை விட்டே துரத்திட்டேன்."

இரண்டு வருடங்களாகப் பேசாத கணவனின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே, "சொல்லும்மா" என்றது அவன் குரல்.