வீட்டு டப்பா

காசநோய்ப் பிரிவின் பெஞ்சில் தையல்காரர் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்திருந்த மனைவி மறு கோடியில். நான்கு மாதமாக அவர் மகளைத் தொட்டதே இல்லை.

"இந்தத் தடவையும் சளியில கிருமி இருந்தா, ஆராய்ச்சியில இருந்து என் பேரை அடிச்சிடுவாங்க. புது மருந்து நின்னுடும். பழைய மருந்து எதுவும் எனக்குக் கேக்கல. அவ்வளவுதான், என் கதை முடிஞ்சது."

"அபசகுனமாப் பேசாதீங்க. கிருமி இருக்காது," என்றாள் மனைவி, சத்தியம் பண்ணுகிறவள் போல. பிறகு இருமினாள். "பஸ்ல ஒரே தூசி."

டாக்டர் கூப்பிட்டார். இரண்டு தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எனக்கே புரியல. வீட்டுலேர்ந்து வந்த டப்பாவுல கிருமி மொய்க்குது. மாத்திரை வாங்க வந்தப்ப நர்ஸ் இங்கேயே இன்னொரு தடவை துப்பச் சொன்னாங்களே, அதுல ஒண்ணுகூட இல்ல. மருந்து வேலை செஞ்சிருக்கு. அப்ப வீட்டு டப்பாவுல இருந்தது யாரோட சளி?"

தையல்காரர் விழித்தார். "அதை இவதான் கொண்டு வந்து கொடுத்தா..."

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிருமி இல்லாத சளியைக் கொடுத்தா மருந்தை நிறுத்த மாட்டாங்கன்னு நெனச்சேன். இவரோடதைக் கொட்டிட்டு, நானே துப்பிக் கொடுத்துட்டேன்."

இடுப்பில் இருந்த மகளை அவசரமாக இறக்கி, அவர் பக்கம் தள்ளினாள்.

"இனி நீங்க தூக்குங்க."