இடது பக்கத்துக் கிட்டார்

இடது பக்கத்துக் கிட்டார் வரவேயில்லை.

நளீர் பல்லைக் கடித்தான். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. வலது கிட்டார் மட்டும் தனியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தது. மேடையின் இடது ஓரத்தில் ஒரு தாடிக்காரன் தலைமுடியைச் சுழற்றிச் சுழற்றி எதையோ வாசிக்கத்தான் செய்தான். சத்தம் எங்கோ அடியில் அமுங்கிக் கிடந்தது.

"நல்லாத்தானே கேக்குது மச்சான்" என்றான் பக்கத்தில் நின்ற பவிதரன். நற்பிட்டிமுனைக்காரன், இந்த மெட்டல் பாட்டுப் பைத்தியத்தில் நளீருக்கு இருக்கும் ஒரே கூட்டாளி.

"நாலு மீற்றர் கேட்டு ரெண்டு மீற்றர் வெட்டித் தந்தாலும் உனக்கு நல்லாத்தான் இரிக்கும்."

"இது உன்ட வாப்பாட புடவைக்கடையில்ல. பேசாம நில்லு."

எப்படிப் பேசாமல் நிற்பது? சுவீடன் நாட்டு 'நோர்த் லான்டர்ன்' குழு, யுத்தம் முடிந்த கையோடு கொழும்பில் வாசிக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவன் கல்முனைக் கடையில் ஒழுங்காக ஒரு சாரன் விற்றதில்லை. இரவெல்லாம் பஸ். சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறினான். ஓரிடத்தில் அவனுடைய கறுப்பு டீசேர்ட்டை விரித்துப் பிடித்த சிப்பாய், நெஞ்சிலிருந்த மண்டையோடு எந்த இயக்கத்தின் சின்னம் என்று கேட்டான். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டது இந்த ஒரு பாட்டுக்காக.

வலது கிட்டார் ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு போகும். இடது கிட்டார் ஐந்து ஐந்தாக. சந்தையில் இரண்டு பேர் வேறு வேறு விலை சொல்லி மல்லுக்கட்டுவதுபோல ஒன்றையொன்று மதிக்காது. போய்க்கொண்டேயிருந்து, ஓரிடத்தில் இரண்டும் ஒரே அடியில் வந்து விழும். வியாபாரம் படிந்துவிட்டது! அந்த ஒரு அடிக்காகத்தான் மனிதன் புரோகிரெஸிவ் மெட்டல் கேட்கிறான் என்பது நளீரின் கட்சி.

ஒரு பக்கம் வாயே திறக்காவிட்டால் படிவது எப்படி?

கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான். மைதானத்தின் நடுவே ஒரு கூடாரம். அதற்குள் பொத்தான்கள் நிறைந்த நீண்ட மேசை. மேசைக்குப் பின்னால், ஹெட்போன் மாட்டிய ஒருவர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஷரிபுதீன் என்று பெயர். நம்மட ஆள், அண்ணன் முறை; விடக் கூடாது.

"காக்கா, இடது பக்கம் செத்துக் கிடக்கு. முழு டிக்கட்டுக்குத்தானே சல்லி எடுத்த?"

"ரெண்டும் போகுது தம்பி."

"எங்க போகுது? காலிமுகத்துக் கடலுக்கா?"

அவர் தன் ஹெட்போனைக் கழற்றி நளீரின் தலையில் மாட்டிவிட்டார்.

வலது வந்தது. இடது பக்கம் மௌத்து, உயிரே இல்லை.

"பாத்தீங்களா! இதுவும் பழுது!"

இந்தப் பழுதை நளீர் நிறையப் பார்த்தவன். சில வருடங்களாகவே நாட்டுக்குள் உருப்படியான ஹெட்போன் வருவதில்லை. கல்முனை பஸாரில் வாங்கிய அத்தனையிலும் இடது பக்கம் செத்துத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் கடைக்காரனின் மேசையில் எறிந்து, சண்டை பிடித்து, மாற்றி எடுத்திருக்கிறான். மாற்றித் தந்ததும் அதே லட்சணம். கேட்க ஆளில்லாத நாடு.

ஷரிபுதீன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். நளீரை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைப் பக்கம் மாற்றிப் பிடித்து, மறுபடி அவன் தலையில் மாட்டினார்.

இடது கிட்டார் வந்தது.

ஐந்து ஐந்தாக, கூராக, ஒரு தூசி தும்பில்லாமல்.

"இந்தா இரிக்கே! இவ்வளவு நேரமும் எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" நளீர் துள்ளினான். துள்ளிய கையோடு மறுபடி கத்தினான். "காக்கா, இப்ப மத்தது போயிட்டு!"

கத்திய வாய் திறந்தபடியே நின்றது.

ஷரிபுதீன் சிரிக்கவில்லை. அவனுடைய வலது காதிலிருந்து ஹெட்போனைச் சற்றே தூக்கி, அந்தக் காதருகே குனிந்து கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

"சாய்ந்தமருது."

அவருக்கு அந்த ஊர்ப் பெயரே போதுமாக இருந்தது.

அந்த டிசம்பர் ஞாயிறு, கடல் ஊருக்குள் வந்தபோது, தண்ணீர் நளீரைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மதிலில் அறைந்தது. இடது காதிலிருந்து முதலில் இரத்தம் வந்தது. பிறகு மணல் வந்தது. பள்ளிக்கூடத்து முகாமில், எங்கே நோவு என்று டாக்டர் கேட்டபோது, ஒன்றுமில்லை என்றான். உம்மாவைத் தேடிக்கொண்டிருந்த நேரம். வரிசையில் நின்ற எல்லாரும் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் ஒரு காதைப் பற்றி எந்த முகத்தோடு கதைப்பது? உம்மா கிடைக்கவேயில்லை. காதைப் பற்றிச் சொல்வதற்குப் பிறகு ஒரு நாளும் வாய்க்கவில்லை. தன்னிடம்கூட.

ஷரிபுதீன் மேசையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு வரிசையாகப் பச்சை விளக்குகள். ஒரு வரிசை, காதில் கேட்டதோடு சேர்ந்து ஐந்து ஐந்தாகத் துள்ளியது. மற்றது, சத்தமே இல்லாமல், ஏழு ஏழாக.

நளீர் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான். உதடுகள் எண்ணத் தொடங்கின. அந்த அடி வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

மூச்சு வாங்க ஓடிவந்த பவிதரன், அவனுக்கும் மேசைக்கும் நடுவில் தலையை நீட்டினான்.

"என்னடா, காசத் திருப்பித் தாறாங்களாமா?"

நளீர் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

"விலகு மச்சான், மறைக்காத! கிட்டார் தெரியுதில்ல."