அழுகைக் காட்சி

"இந்தப் பொண்ணு வேண்டாம் சார்" என்றாள் நடிகை.

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களுக்கு எதிர்வசனம் சொல்லத்தான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். கருத்துச் சொல்ல அல்ல.

"என்னம்மா பேசறே? செத்துப்போன பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அழற காட்சி. காலையிலேர்ந்து ஆளாளுக்குக் கத்திட்டுப் போனாங்க. கேமராமேன் கண்ணைத் துடைச்சது இவளுக்கு மட்டும்தான்."

"இவளோட நான் நாடகத்துல நடிச்சிருக்கேன் சார். நேரத்துக்கு வரமாட்டா. பாதியில விட்டுட்டுப் போயிடுவா. அப்புறம் உங்க இஷ்டம்."

உதவி இயக்குநர் உதட்டைப் பிதுக்கினான். பொறாமை!

இயக்குநருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பாதியில் நின்ற படம் ஒன்று அவரை ஏற்கெனவே படாதபாடு படுத்தியிருந்தது.

"சரி, அடுத்த ஆளைக் கூப்பிடு."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நடிகை வெளியே வந்தாள். சொன்னது அத்தனையும் பொய்.

அந்தப் பெண் அவளுடைய தோழி. போன மாதம்தான் தன் ஒரே மகனைப் பறிகொடுத்தாள். இயக்குநருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால், மடியில் பொம்மையைக் கிடத்தி, "இன்னொரு டேக்" என்று அவளைப் பிழிந்தெடுத்திருப்பார்.

தன்னைத் திருப்பி அனுப்பியவர்களை இத்தனை வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்தவள் நடிகை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. நன்றாக நடிப்பவரையும் வேண்டாமென்று சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும்.

தோழி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என் நடிப்புல என்னக்கா குறை?"

"குறையே இல்லடி. நான்தான் வேண்டாம்னேன். இப்ப இருக்கிற நிலைமையில உனக்கு எதுக்கு இந்த வேஷம்? சிரிக்கிற மாதிரி ஏதாவது வந்தா நானே சொல்லி அனுப்பறேன். வீட்டுக்குப் போ."

தோழி எழுந்திருக்கவில்லை.

"வீட்டுல அவன் போட்டோவைக்கூடக் கழட்டி வெச்சுட்டாங்கக்கா. கண்ணு கலங்கினாலே மாமியார் அதட்டுறாங்க. அன்னிக்கு அவனை என் மடியில போடவே விடல. இங்கயாவது மடியில போட்டுக்கிட்டு, வாய்விட்டு அழுதுக்கலாம்னுதான் வந்தேன்."